அத்தியாயம் 6: படிக்கு ஒரு பாட்டு

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். டிசம்பர் 31 ராத்திரி, மார்கழிப் பனியில், பஜனைக் குழுக்கள் அடிவாரத்தில் கூடும். ஒரு படி, அதற்கு மஞ்சள், குங்குமம், கற்பூரம், அங்கேயே நின்று ஒரு திருப்புகழ், பிறகுதான் அடுத்த படி. மற்ற நாளில் இளவட்டங்கள் ஒரே மூச்சில் ஏறிவிடும் மலையை அன்றைக்கு ஏறி முடிக்க மணிக்கணக்கில் ஆகும்.

பிடித்த புத்தகம், பிடித்த படம், பிடித்த பாட்டு. இவற்றை வருஷம் முழுக்க நம் மனிதர்களோடு பகிர்ந்துகொள்வது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். எனக்குத் தெரிந்த வழி அந்தப் படிக்கட்டில் கற்றது: ஒரு தடவைக்கு ஒன்று, ஒருவருக்கு ஒன்று, அதற்கான நாளில்.

நம்மில் பலர் செய்வது இதற்கு நேர் எதிர். வருஷம் முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டு டிசம்பர் கடைசி வாரத்தில் பட்டியல் போடுகிறோம். இருபது படம், பதினைந்து புத்தகம், முப்பது பாட்டு. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நாலு பேர் கட்டைவிரலைக் காட்டுவார்கள்; அத்தோடு சரி. ஒரு வருஷம் நானும் சித்தி மகளுக்கு ஒரே ராத்திரியில் பதினான்கு பாட்டு அனுப்பினேன். பொங்கலுக்கு வந்தவளிடம் கேட்டபோது, "எதுல ஆரம்பிக்கிறதுன்னு தெரியலண்ணா, அப்படியே வச்சிருக்கேன்" என்றாள். பதினான்கில் எது அவளுக்கு என்று பார்த்து எடுக்கும் வேலையை அவள் தலையில் போட்டிருந்தேன். அது நான் செய்திருக்க வேண்டிய வேலை.

ஒன்று போதுமா?

போதும் என்பதற்குத் தணிகை என்னும் திருத்தணியைச் சேர்ந்த இரண்டு வரலாறுகள் இருக்கின்றன.

டிசம்பர் 31 படித் திருவிழாவைத் தொடங்கியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். பழனியில் நாட்டியப் பெண் ஒருத்தி பாடிய திருப்புகழ் ஒன்று அவர் காதில் விழுந்தது. அந்த ஒன்று அவரை விடவில்லை. வளர்ந்த மனிதர், எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். திருப்புகழ் படிப்பதற்காகவே கற்றுக்கொண்டார். வெள்ளைக்காரர் ஆட்சியில், ஜனவரி முதல் தேதி பழமும் மாலையுமாகத் துரைமார் பங்களாக்களில் போய்க் காத்து நிற்கும் வழக்கம் நம்மவர்களுக்கு இருந்தது. நாம் பார்க்க வேண்டிய துரை தணிகை மலைமேல் நிற்கிறார் என்று சொல்லி, அடியார்களைக் கூட்டிக்கொண்டு பாட்டோடு படியேறினார் சுவாமிகள். நூறு வருஷம் ஆகியும் அந்தப் பாட்டு படிகளில் நிற்காமல் ஏறுகிறது.

அடுத்தவர் வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை. 1871இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வேலை பார்த்தபோது சிதம்பரம் தீட்சிதர்களின் வழக்கு ஒன்று வந்தது. தங்கள் பழம்பெருமைக்குச் சான்றாக அவர்கள் காட்டியவற்றில் ஒரு திருப்புகழும் இருந்தது. வழக்குக் கட்டில் வந்த அந்தப் பாட்டின் சந்தத்தில் மனம் சிக்கிப்போன மனிதர், மற்றப் பாட்டுகள் எங்கே என்று தேடத் தொடங்கினார். ஏடு ஏடாகச் சேர்த்து 1894இல் முதல் பகுதியையும் 1901இல் இரண்டாம் பகுதியையும் அச்சில் கொண்டுவந்தார். அவர் மகன் செங்கல்வராய பிள்ளை அந்த வேலையைத் தம் வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தார். தமிழுலகம் அவருக்குத் தந்த பட்டமே 'தணிகைமணி'. இன்றைக்குப் படிக்கட்டில் பாடுபவர் கையில் திருப்புகழ்ப் புத்தகம் இருப்பதற்கு இந்த அப்பாவும் பிள்ளையும் முக்கியக் காரணம்.

இருவருக்கும் யாரும் பட்டியல் தரவில்லை. ஒரு பாட்டு, ஒரு குரல், கேட்கும் மனநிலையில் இருந்த ஒரு காது. நாம் ஏற்பாடு செய்ய வேண்டியதும் இவ்வளவுதான்.

இங்கே இன்னொரு கதையும் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் திருத்தணிக்கு வந்து தியானத்தில் இருந்தபோது முதியவர் ஒருவர் வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டு போட்டாராம். அந்தத் தித்திப்போடு மாயாமாளவகௌளையில் அவருடைய முதல் கீர்த்தனை பிறந்ததாம். பகிர்வதும் அப்படித்தான்: முதலில் நாக்கில் ஒரு துண்டு. பாட்டின் பெருமை, இயற்றியவர் வரலாறு, எனக்கு ஏன் பிடிக்கும் என்பதெல்லாம் அப்புறம்.

நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். போனில் எழுதிவைக்கலாமே என்பீர்கள். செய்து பார்த்தேன்; போனில் எழுதியது போனோடு போகும், நோட்டு அலமாரியில் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

பக்கத்துக்கு ஒரு மனிதர். அப்பா, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா, கூடவே ரயிலில் போகிறவர், பிளஸ் டூ படிக்கும் அண்ணன் மகள். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் 'நான் கொடுத்தது', வலப்பக்கம் 'எனக்கு வந்தது'. ஒரு படமோ புத்தகமோ உங்களைப் பிடித்து உலுக்கினால், அன்றைக்கே யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: இது யாருடைய பக்கத்துக்குப் போகும்? நூலக இயலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில், வாசகருக்கான புத்தகத்தைப் பற்றி ஒன்று இருப்பதுபோலப் புத்தகத்துக்கான வாசகரைப் பற்றியும் ஒன்று இருக்கிறது. எந்தப் புத்தகத்துக்கும் எங்கோ ஓர் ஆள் இருக்கிறார் என்று நம்பியவர் அவர். நோட்டு அந்த ஆளைத் தேடத்தான்.

ஆளைத் தேடும்போது அவர் நாளையும் பாருங்கள். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறவருக்கு, தறி ஓடும் நேரத்தில் சன்னமான வீணைப் பாட்டு காதுக்கே போய்ச் சேராது. தாளம் தூக்கலான பாட்டைப் பகலுக்குக் கொடுங்கள். வீணையை, தறி நின்ற பிறகு கேட்கச் சொல்லுங்கள். தினமும் சென்னைக்கு மின்சார ரயிலில் போகிறவருக்கு அறுநூறு பக்க நாவலைவிடச் சிறுகதை பொருந்தும். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை ஒருவருக்கு இப்படித்தான் கொடுத்தேன்: "சார், அரக்கோணத்துல ஆரம்பிங்க, திருவள்ளூர் தாண்டுறதுக்குள்ள முடிஞ்சிடும்." கதை தொடங்குவது சென்னை பிராட்வே பக்கம். சென்ட்ரலில் இறங்கி அந்தத் தெருவழியே வேலைக்கு நடக்கிறவர் அவர். மறுநாள் அவரே என் பெட்டியைத் தேடிக்கொண்டு வந்தார்.

சொல்லும் விதம்

கதைச் சுருக்கம் சொல்லாதீர்கள். 'பிரமாதம்', 'கண்டிப்பாகப் பார்க்கணும்', 'இதைப் படிக்கவில்லை என்றால் வாழ்க்கை வீண்' எல்லாம் கேட்பவர் தோளில் மூட்டை ஏற்றும். அது உங்களிடம் எப்படி வந்தது என்று சொல்லுங்கள். "அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப ராத்திரி முழிச்சிருந்து படிச்சது பெரியம்மா" என்றால் போதும். என்ன வகைப் புத்தகம், எப்போது எடுக்கலாம் என்பதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலேயே அவருக்குப் புரிந்துவிடும்.

நுழைய ஒரு வாசல் காட்டுங்கள். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' தடிமனைப் பார்த்தே பலர் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆனந்த விகடனில் வாரம் வாரம் தொடராக வந்தது அது. எனவே வாரம் ஓர் அத்தியாயம் படிக்கலாம். தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அவர் முதன்முதல் பார்க்கும் பக்கத்தில் நூல் வைத்துக் கொடுங்கள். அங்கே நுழைந்தவர், பின்னாலிருக்கும் பக்கங்களுக்கும் முன்னாலிருக்கும் பக்கங்களுக்கும் தாமே போய்க்கொள்வார்.

பாட்டென்றால் பெயரோடு அனுப்புங்கள். இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒரு பாட்டுக்கு முன்னால் விரும்பிக் கேட்டவர்களின் பெயரும் ஊரும் வரிசையாக வரும். பாட்டைவிட அந்தப் பெயர்களுக்காகக் காத்திருந்த வீடுகள் உண்டு. வாட்ஸ்அப்பில் வெறும் லிங்க் வந்து விழுவது வேறு. 'இது சின்னக்காவுக்காக' என்று அரை நிமிஷம் உங்கள் குரலில் பேசிவிட்டுப் பாட்டை அனுப்புவது வேறு. கேசட் காலத்தில் பாட்டுப் பதிவுக் கடையில் தாளில் எழுதிக் கொடுப்போமே, அதிலும் ஒரு நல்ல நெருக்கடி இருந்தது. அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிஷம்தான். ஏழாவது பாட்டு வேண்டுமென்றால் ஆறில் ஒன்றை அடிக்க வேண்டும். அந்த அடித்தலில்தான் எது நிஜமாகப் பிடித்தது என்பது நமக்கே தெரியவரும்.

கொடுத்த பிறகு கேட்காதீர்கள். "படிச்சியா? எதுவரைக்கும் வந்திருக்கே?" என்ற கேள்வி புத்தகத்தை வீட்டுப்பாடம் ஆக்கிவிடும். இரண்டு மாதம் கழித்தும் அவராகப் பேச்செடுக்கவில்லையென்றால் நோட்டில் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டு, அடுத்த தடவை வேறு ஒன்று. பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால், அது உங்களை நம்பிச் சொன்னது. வாதாடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த தேர்வுக்கு அதைவிட நல்ல துப்பு கிடைக்காது.

இரண்டு மொழி வீடுகள்

திருத்தணியில் ரயிலேறினால் சற்று நேரத்தில் ஆந்திராவின் நகரி. கடைவீதியில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும். நம் ஊரில் பகிர்தல் என்றாலே பாதி மொழி கடந்த பகிர்தல். வேறு ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காத வசதி இது.

முதலில் 'மாயாபஜார்'. 1957இல் ஒரே இயக்குநர் கே.வி. ரெட்டி, ஒரே விஜயா நிறுவனம், தமிழிலும் தெலுங்கிலும் தனித்தனியாக எடுத்த படம். அபிமன்யுவாகத் தமிழில் ஜெமினி கணேசன், தெலுங்கில் அக்கினேனி நாகேஸ்வர ராவ். சாவித்திரியும் ரங்கா ராவும் இரண்டிலும் உண்டு. நிலவில் படகு போகும் பாட்டை இரண்டு மொழியிலும் கண்டசாலாவும் பி. லீலாவும்தான் பாடினார்கள். தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, அந்தப் பாட்டை முதலில் அவர் மொழியில், பிறகு நம் மொழியில் போட்டுக் காட்டுங்கள். எந்தச் சொல் எங்கே எப்படி மாறியது என்று பேசத் தொடங்கினால் காபி ஆறிப்போகும். முழுப் படமும் ஏறக்குறைய மூன்று மணி நேரம். வீட்டில் போடுவதானால் கடோத்கஜன் கல்யாண விருந்தை விழுங்கும் காட்சி முடிந்ததும் நிறுத்திச் சாப்பாடு பரிமாறுங்கள்; அதைவிடப் பசிக்கிற இடம் படத்தில் இல்லை. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சிரிக்கிறார்களா என்று அவர்கள் முகத்தையும் பார்க்காதீர்கள். திரையைப் பாருங்கள்.

'சங்கராபரணம்' 1980இல் தமிழ்நாட்டில் தெலுங்கிலேயே ஓடிய படம். பேச்சு பாதி புரியாமலேயே நம் பெரியவர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். எனவே மொழி தெரியாதே என்று தயங்கி ஒரு பாட்டை நிறுத்திவைக்காதீர்கள். அதில் பாடிய எஸ்.பி. பாலசுப்பிரமணியம் இப்போது நம் திருவள்ளூர் மாவட்டத்துத் தாமரைப்பாக்கத்தில் உறங்குகிறார். அங்கே போகிறவர்களில் யார் தமிழுக்காகப் போகிறார், யார் தெலுங்குக்காகப் போகிறார் என்று பிரிக்க முடியுமா?

புத்தகத்தில் எனக்கு முதல் பெயர் கி. ராஜநாராயணன். வீட்டில் தெலுங்கு, எழுத்தில் கரிசல் தமிழ். 1976இல் வந்த 'கோபல்ல கிராமம்' வடக்கேயிருந்து தெலுங்குக் குடும்பங்கள் தெற்கே வந்து காட்டைத் திருத்திக் குடியேறிய கதை. தமிழ் படிக்கத் தெரிந்த தெலுங்கு வீட்டுக்காரரிடம் இதைக் கொடுத்தால், தம் பாட்டி சொன்ன கதைகளை அவர் உங்களுக்குத் திருப்பித் தருவார். அந்த நேரத்தில் நோட்டின் வலப்பக்கம் தயாராக இருக்கட்டும்.

மாதங்கள்

தையில் சென்னைப் புத்தகக் காட்சி. 1977இலிருந்து நடக்கிறது. அங்கே போகிறவர்கள் புதிதாக வாங்குவதோடு, போன வருஷம் மனதில் நின்ற ஒரு புத்தகத்தை இன்னொரு பிரதி வாங்கிவாருங்கள். அதுதான் வருஷம் முழுக்கச் சுற்றப்போகும் பிரதி. இரவலுக்கென்றே ஒரு பிரதி இருந்தால், திரும்பி வரவில்லையே என்ற மனவருத்தம் பாதி குறையும். பழுப்புத்தாள் அட்டை போடுங்கள். உள்ளே உங்கள் பெயர். அதன் கீழே படித்தவர் ஒவ்வொருவரும் பெயரும் தேதியும் எழுத இடம். மூன்றாவது ஆள் வாங்கும்போது, முன்னால் படித்த இரண்டு பேரையும் அவருக்குத் தெரிந்திருக்கும். பேச்சு தானாக வரும்.

மாசி, பங்குனியில் பொதுத்தேர்வு. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நாவலும் படமும் கொண்டுபோகாதீர்கள். தேர்வு முடிந்த மறுநாள் போங்கள். பள்ளி முடித்த பிள்ளைக்கு மு. வரதராசனின் 'அகல் விளக்கு' கொடுக்கலாம். கதை நடக்கும் வாலாஜா நமக்குப் பக்கத்து ஊர். கூடப் படித்த இரண்டு பேர் வேறு வேறு திசையில் போகும் கதையைப் படிக்க அதைவிடப் பொருத்தமான வயது இல்லை.

ஏப்ரல் 1 இந்த ஊருக்குச் சாதாரண நாள் அல்ல. சித்தூர் மாவட்டத்தோடு இருந்த திருத்தணி, 1960இல் அந்த நாளில்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ம.பொ.சிவஞானத்தின் 'எனது போராட்டம்' படிக்க வேண்டிய நாள் அது. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கும் தொழிலாளியாக இருந்தவர், பிற்பாடு எல்லைக்காகச் சிறை போனார், புத்தகம் புத்தகமாக எழுதினார். மங்கலங்கிழாரைப் பற்றியும் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எல்லைப் போராட்டத்துக்கு முன்பே இந்தப் பக்கத்து ஊர்களில் நடையாய் நடந்து தமிழ் சொல்லிக்கொடுத்தவர். பிடித்ததைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதற்கு அவரைவிட நல்ல ஆசானை நான் அறியேன். ஓர் இங்கிதம் மட்டும் வேண்டும். அதே வரலாறு தெலுங்கு பேசும் எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு இழப்பாக இருக்கலாம். அன்றைக்கு அவரிடம் புத்தகத்தை நீட்டுவதைவிட, அவர் கண்ட 1960ஐச் சொல்லக் கேட்பது மேல்.

ஆடிக் கிருத்திகைக்கு வீடு நிறைய உறவு, தெரு நிறையப் புஷ்பக் காவடி. படிக்கவோ படம் பார்க்கவோ யாருக்கும் நேரமில்லை. தெருவில் டி.எம்.எஸ். பாடிக்கொண்டிருக்கும்போது, வந்திருக்கும் பெரியவர்களிடம் 'அருணகிரிநாதர்' படத்தை எந்தக் கொட்டகையில் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். 1964இல் டி.எம். சௌந்தரராஜனே திருப்புகழ் பாடிய அருணகிரியாக நடித்த படம். கிருத்திகைக் கூட்டத்தில் இதுபோதும்.

செப்டம்பர் 5. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்தது இந்த ஊரில். நாடெங்கும் ஆசிரியர் தினம். அன்றைக்கு உங்கள் பழைய ஆசிரியர் ஒருவருக்கு, அவர் வகுப்பில் கேட்டு உங்களுக்குப் பிடித்துப்போன பாட்டையோ கதையையோ குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். புத்தகம் வாங்கிக்கொடுக்க வேண்டியதில்லை. 'ஒன்பதாம் வகுப்பில் நீங்கள் நடத்திய அந்தக் கதையை என் மகளுக்குப் போன மாதம் படித்துக் காட்டினேன்' என்ற ஒரு வரி போதும். தாம் கொடுத்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்று ஆசிரியர்களுக்குத் தெரிய வழியே இல்லை. நீங்கள் சொன்னால்தான் உண்டு.

ஐப்பசி அடைமழையில் மின்சாரம் போகும். கந்த சஷ்டிக்கு மற்றப் படைவீடுகளில் சூரசம்ஹாரம்; முருகன் சினம் தணிந்த மலையாதலால் இங்கே போர் இல்லை, பூவால் அர்ச்சனைதான். அந்த ஆறு மாலையும் அரைமணி நேரம் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். ஒரே கதையை ஆறாகப் பிரித்துப் படிக்கலாம். நடுவில் தூங்கிவிடும் பாட்டியை எழுப்பாதீர்கள்.

முப்பத்தொன்று ராத்திரி

படியேறப் போவதானால் சால்வை, தண்ணீர், சின்னத் திருப்புகழ்ப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டையும் எடுத்துப்போங்கள். எல்லாப் படிக்கும் உங்களுக்குப் பாட வராது. குழுவோடு சேர்ந்து பாடி, களைத்தால் படியோரம் உட்கார்ந்து, வருகிறவர்களைக் கேட்கலாம். மேலே போய்ச் சாமி கும்பிட்ட பிறகு, விளக்கு வெளிச்சமுள்ள இடமாகப் பார்த்து நோட்டைப் பிரியுங்கள். யார் பக்கத்தில் 'எனக்கு வந்தது' காலியாக இருக்கிறது என்று பாருங்கள். இடப்பக்கம் நிரம்பி வலப்பக்கம் வெறுமையாக இருந்தால், வருஷம் முழுக்க நீங்கள் மட்டும்தான் பேசியிருக்கிறீர்கள்.

விடிந்ததும் ஜனவரி 1, அவருக்குப் போன் செய்யுங்கள். வாழ்த்துச் சொல்லிவிட்டு, "அத்தை, நீங்க சின்ன வயசுல பாடுவீங்களே, அந்தப் பாட்டு என்னது?" என்று கேளுங்கள். எனக்கென்ன தெரியும், குரலே போச்சு என்பார். கொஞ்சம் இழுத்துவிட்டு, இரண்டு தடவை இருமிவிட்டு, எங்கேயோ நடுவிலிருந்து ஆரம்பிப்பார். ஸ்பீக்கரில் போடாதீர்கள். போனைக் காதோடு வைத்து, அவர் நிறுத்தும்வரை கேளுங்கள்.